பற்றுவரவு ஏடும் நோய்ப் பதிவேடும்

பண்டம் விற்ற கணக்கைப் பார்த்து நோயை அறியலாம் என்று யாரேனும் கூறினால், நம் அங்கத்தினரில் பலர் அதனைக் குறிசொல்லும் வித்தையோடு சேர்த்து எண்ணுவர். ஆயினும் லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆராய்ச்சியாளர் 2023ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு ஒன்று ஏறக்குறைய இதனையே செய்து காட்டியிருக்கிறது. அந்நாட்டுப் பெருங்கடைகள் வாடிக்கையாளருக்கு ஓர் அட்டை வழங்குகின்றன. வாங்கும் ஒவ்வொரு பொருளும் அதன் பேரில் பதிவாகிறது. சினைப்பைப் புற்றுநோய் கண்ட 153 பெண்டிரும், அந்நோய் இல்லாத 120 பெண்டிரும் தம் அட்டைக் கணக்கைப் பார்வையிட இசைவு தந்தனர். நோயுற்றோர், நோய் இன்னதென்று தெரிவதற்கு ஏறத்தாழ எட்டு மாதம் முன்பிருந்தே, வலி மாத்திரையும் அஜீரண மருந்தும் மிகுதியாக வாங்கியிருந்தமை புலனாயிற்று. வைத்தியர் அறியாததைக் கடைக் கணக்கு அறிந்திருந்தது.

இதைப் படித்துவிட்டு அஜீரண மாத்திரை வாங்குவோரெல்லாம் அஞ்ச வேண்டுவதில்லை. கூட்டுறவு மருந்தகத்தில் அம்மாத்திரை வாங்குவோர் அநேகர். அவர்களுள் இந்நோய் உடையோர் மிகச் சிலரே. ஆய்வும் சிறியது. நாம் இதனை எடுத்துரைப்பதன் நோக்கம் வேறு. கணக்கெழுதுவது என்பது கடனையும் லாபத்தையும் மட்டும் காட்டும் தொழிலன்று என்பதை நம் நிர்வாக சபைகள் உணர வேண்டும்.

நம் ஜில்லாவுக்கு வருவோம். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையைச் சூழ்ந்த ஊர்களில் ஒருவருக்குப் புற்றுநோய் என்றால், ஆலைப் புகையே காரணம் என்ற பேச்சு உடனே எழுகிறது. அப்பேச்சை நாம் மெய்யென்றும் கூறோம், பொய்யென்றும் தள்ளோம். எந்த ஊரில், எத்தனை பேருள், எவ்வயதினருக்கு, எவ்வகைப் புற்று வந்தது என்ற எண்ணிக்கை இன்றி இரண்டும் வெறும் வாய்ச்சொல்லே.

அவ்வெண்ணிக்கைக்கு வழி இல்லாமலும் இல்லை. 1954இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் தோன்றிய அடையாறு புற்றுநோய் நிலையத்தில், சென்னை நகருக்கான நோய்ப் பதிவேடு 1982 முதல் எழுதப்பட்டு வருகிறது. 2012இல் இராஜ்யம் முழுவதற்குமான பதிவுத் திட்டமும் தொடங்கிற்று. இப்பதிவேடுகளில் ஒருவர் எவ்வூர்க் கணக்கில் சேர்வார் என்பது, ஓராண்டேனும் அவர் வழக்கமாகக் குடியிருந்த இடத்தைப் பொறுத்தது. இங்கேதான் நம்மவர் தவறுகின்றனர். சிகிச்சைக்காகப் பட்டணம் செல்பவர், கடிதம் வர வசதி என்றோ, அலைச்சல் குறையும் என்றோ, வியாசர்பாடியிலோ திருவொற்றியூரிலோ உள்ள மைத்துனர் வீட்டு விலாசத்தைக் கொடுத்துவிடுகிறார். நோய் சென்னைக் கணக்கில் ஏறுகிறது; நம் கிராமத்து ஏட்டில் ஒன்று குறைகிறது. பிறகு, எங்கள் ஊரில் நோய் பெருகிவிட்டது என்று மனுக் கொடுத்தால், அதிகாரிகள் ஏட்டைப் புரட்டி, அப்படி ஒன்றுமில்லையே என்பார்கள். அவர்களை நோவதில் பயனில்லை.

வேறொரு குறையும் உண்டு. தொழிற்பேட்டையில் உழைக்கும் வடநாட்டு இளைஞர் பலர், சில ஆண்டுகளில் ஒரிசாவுக்கோ பீகாருக்கோ திரும்பிவிடுகின்றனர். தொழிலால் வரும் புற்று இருபது ஆண்டு, முப்பது ஆண்டு கழித்தும் தலைகாட்டும். அன்று அவர்கள் எவ்வூர் ஏட்டில் இருப்பார்களோ!

தொழிலின் வரலாறு எவ்வளவு முக்கியம் என்பதற்கு நெசவாளரே சாட்சி. 1895இல் ஜெர்மானிய சஸ்திர வைத்தியர் லுட்விக் ரேன், சாய ஆலைத் தொழிலாளர் 45 பேரில் மூவருக்கு மூத்திரப்பைக் கட்டி இருக்கக் கண்டு எச்சரித்தார். பிற்காலத்தில் பென்சிடின் முதலிய பொருள்கள் அந்நோய்க்குக் காரணம் என்று நிச்சயமாயிற்று. பருத்தி நூலுக்கு ஏற்ற டைரக்ட் சாயங்களுள் பல, பென்சிடினைக் கொண்டு ஆக்கப்பட்டவை. காங்கோ சிவப்பு அவற்றுள் ஒன்று. இத்தகைய சாயங்கள் 112ஐக் கையாளக் கூடாதென்று மத்திய சர்க்கார் 1997இல் ஆணையிட்டது. அவ்வாண்டுக்கு முன் தொட்டியில் கைவிட்டு நூல் தோய்த்தவர்கள் இன்று அறுபதைக் கடந்திருப்பர். அவர்கள் தொட்ட சாயம் எது, எத்தனை ஆண்டு என்பதை இனி எவரிடம் கேட்பது? பொதட்டூர்ப்பேட்டை, அம்மையார்குப்பம், ஆரணி போன்ற நெசவூர்களில் சங்கங்கள் சாயம் கொள்முதல் செய்து வழங்கிய பழைய ஏடுகள் எங்கேனும் எஞ்சியிருப்பின், அவையே விடை கூறும்.

விவசாயிகளும் இதில் ஒதுங்கி நிற்க இயலாது. பயிருக்குத் தூவிய பி.எச்.சி. பொடியும் 1997இல்தான் தடைசெய்யப்பட்டது. அதில் அடங்கிய லிண்டேன் மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பது என்று உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2015இல் தீர்மானித்தது. கடன் சங்கத்து மருந்து விற்பனை ஏட்டில் அப்பொடியை வாங்கியவர் பேரும் மூட்டையும் தேதியும் இருக்கும். அவ்வேடுகளையோ நாம் வருஷந்தோறும் எடைக்குப் போட்டு, கடலைப் பொட்டலமாகக் கண்டு வருகிறோம்!

இவ்வாறு கூறுவதால், ஏடுகளை எவருக்கும் திறந்து காட்டலாம் என்று கருதலாகாது. ஓர் அங்கத்தினரின் நோய் சபையில் தெரிந்தால், மகளுக்குக் கல்யாணம் பேச வருவோர் தயங்குவர். கடன் வழங்கும் இடத்திலும் முகம் மாறும். லண்டன் ஆய்வில் பெண்கள் தாமே இசைவு தந்த பின்னரே கணக்கு திறக்கப்பட்டது என்பதைக் காரியதரிசிகள் மறவாதிருக்க வேண்டும். பேரை மறைத்து, வயது, ஊர், தொழில், சரக்கு ஆகியவற்றை மட்டும் எழுதிக் கொடுப்பதும், அதனையும் அங்கத்தினர் சம்மதத்தின் மேல் செய்வதும் முறையாகும்.

வரும் மகாசபைக்கு இரண்டு தீர்மானங்கள் கொண்டுவரலாம் என்பது நம் அபிப்பிராயம். சாயம், பூச்சிமருந்து ஆகியவற்றின் கொள்முதல், விற்பனை ஏடுகளை நாற்பது ஆண்டு அழிக்காது காப்பது ஒன்று. சிகிச்சைக்குச் செல்லும் அங்கத்தினர் கையில், அவர் வழக்கமாகக் குடியிருக்கும் ஊரையும், செய்த தொழில்களையும், அவற்றைச் செய்த ஆண்டுகளையும், புகையிலைப் பழக்கம் உண்டா என்பதையும் எழுதிய சீட்டு ஒன்றைச் சங்கக் குமாஸ்தா தருவது மற்றொன்று. சீட்டுக்குக் காகிதச் செலவு அற்பமே. ஏடுகளுக்குக் கரையான் ஏறாத ஓர் இரும்பு அலமாரி தேவை. அதன் விலையை இவ்வாண்டு நிகர லாபத்திலிருந்து ஒதுக்கலாம்.