மதில் தாண்டாத வண்டி

பட்டினம் என்றால் கடற்கரை ஊர். எங்களுக்குப் பழகிய புதுப்பட்டினமும் அதன் அண்டையிலுள்ள சதுரங்கப்பட்டினமும் அந்தப் பொருளைப் பெயரிலேயே சுமந்து நிற்கின்றன. பதினேழாம் நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் சதுரங்கப்பட்டினத்திலிருந்து துணி ஏற்றுமதி செய்தார்கள். ஆனால் கப்பல் வந்து அணையத்தக்க இயற்கைத் துறைமுகம் இக்கரையில் இல்லை. தொலைவில் நங்கூரமிட்ட கப்பலுக்கும் கரைக்கும் நடுவே, அலைகளைக் கடந்து சரக்கைச் சுமந்தவை சலங்கு போன்ற படகுகளே.

சலங்கு தூரதேசம் எதற்கும் போனதில்லை. போவதும் திரும்புவதுமே அதன் தொழில். ஆயினும் அதற்கென்று ஒரு தமிழ்ப் பெயர் இருந்தது. அப்பெயரை ஐரோப்பியரும் தம் மொழிகளில் எடுத்தாண்டனர்.

அதே தொழிலை இன்று தரையில் செய்யும் வண்டி ஒன்று உண்டு. சென்னைத் துறைமுகத்தில் 1983இல் கன்டெய்னர் முனையம் தொடங்கியது. கப்பலிலிருந்து கிரேன் இறக்கும் இருபது அடி, நாற்பது அடிப் பெட்டிகளை டிரெய்லரில் வாங்கி, அடுக்கும் இடத்துக்கு இழுத்துச் செல்வது அவ்வண்டியின் வேலை. சாலை லாரியைப் போல அதற்கு வேகம் வேண்டியதில்லை. குறுகிய இடத்தில் திரும்பத் தெரிந்தால் போதும். ஓட்டுநர் ஒருவர் மட்டும் அமரும் சிறு அறை. டிரெய்லரைத் தாங்கும் தட்டை எண்ணெய் அழுத்தத்தால் உயர்த்தும் வசதி இருப்பதால், ஒவ்வொரு முறையும் இறங்கி டிரெய்லரின் முன்கால்களைச் சுற்றி ஏற்ற வேண்டியதில்லை.

இவ்வண்டியைத் துறைமுகத்தில் ஐ.டி.வி. என்கிறார்கள். மூன்று ஆங்கில எழுத்துகள், அவ்வளவுதான். அகராதிக் குழு கூடி நீண்டதொரு கூட்டுச்சொல் சமைத்துத் தரட்டும் என்று நாங்கள் கேட்கவில்லை. அப்படிப் பிறக்கும் சொற்கள் பெரும்பாலும் காகிதத்தைத் தாண்டுவதில்லை. சலங்கு என்ற சொல்லைப் புலவர் எவரும் செய்து தந்ததாகத் தெரியவில்லை. கரையில் புழங்கிய சொல் அது. எங்கள் குறை வேறு. நெடுஞ்சாலை லாரி ஓட்டுநருக்குத் தமிழில் கதை உண்டு, சினிமா உண்டு. ஒரு ஷிப்டு முழுக்க ஓட்டியும் மதிலைத் தாண்டாத இந்த ஓட்டுநரை நம் எழுத்து ஏன் பார்க்கவேயில்லை? பயணம் என்றாலே தூரம் என்று நாம் எண்ணிவிட்டோமா?

தாமதிக்க நேரமில்லை. ராட்டர்டாம் துறைமுகத்தில் 1993லேயே ஆளில்லா வண்டிகள் பெட்டிகளைச் சுமக்கத் தொடங்கின. 2022இல் முறைப்படி திறக்கப்பட்ட சிங்கப்பூரின் துவாஸ் துறைமுகத்திலும் அத்தகைய வண்டிகளே ஓடுகின்றன. இங்கும் அவை வரக்கூடும். சலங்கு மறைந்தபோது அதன் பெயராவது எஞ்சியது. இந்த இருக்கை காலியாகும் நாளில் என்ன எஞ்சும்?

நண்பர்களே, உங்களில் எவருக்கேனும் துறைமுகத்தில் வண்டி ஓட்டும் உறவினர் இருப்பார். அவர் தம் வண்டியை வீட்டில் என்ன சொல்லி அழைக்கிறார் என்று கேட்டு எழுதுங்கள். நமக்கு வேண்டிய சொல் அவரிடம் ஏற்கெனவே இருக்கலாம்.