தேன்கூடும் சாளக்கிராமமும்

“சயன்ஸ்காரன் இன்று ஒன்று சொல்லி நாளை அதை மாற்றிக்கொள்கிறான், எங்கள் சாஸ்திரமோ ஆதி முதல் ஒரே பேச்சு” என்று வைதீகர்கள் எகத்தாளம் பேசுகிறார்கள். பேச்சை மாற்றிக்கொள்ளாதது பெருமைதானா என்பதை, கீழ்க்கண்ட இரண்டு கற்களின் சங்கதியைப் படித்துவிட்டுத் தோழர்களே முடிவு செய்யட்டும்.

மத்தியப் பிரதேசத்தில் போபால் நகருக்குத் தெற்கே பீம்பேட்கா என்னும் குகைகள் இருக்கின்றன. ஆதிமனிதன் தீட்டிய சித்திரங்களுக்குப் பேர்போன இடம். 2020-ம் வருஷத்தில் அங்கு சென்ற பூகர்ப்ப சாஸ்திரிகள், ஒரு குகைப் பாறையில் நடுநரம்பும் இருபுறமும் வரிகளுமாய் இலைபோன்ற ஒரு வடிவத்தைக் கண்டார்கள். சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ‘டிக்கின்சோனியா’ என்னும் உயிரின் புதைபடிவம், அதாவது கல்லில் பதிந்த அச்சு, இதுவேயென்று அமெரிக்க நாட்டு ஓரிகான் சர்வகலாசாலைப் பேராசிரியர் கிரிகரி ரெட்டலாக்கும் அவருடைய கூட்டாளிகளும் 2021-ல் எழுதினார்கள். பத்திரிகைகள் தம்பட்டம் அடித்தன.

அந்தப் பாறைக்குச் சுமார் 100 கோடி வயது என்று கணித்திருந்தவர் பிளோரிடா சர்வகலாசாலையைச் சேர்ந்த ஜோசப் மீர்ட். அவர், “பெரியவர் சொல்லிவிட்டார்” என்று கன்னத்தில் போட்டுக்கொள்ளவில்லை. “நாஸ்திகன்” என்று சபிக்கவுமில்லை. தம் கூட்டத்தாரோடு 2022-ல் அதே குகைக்கு நேரில் சென்று பார்த்தார். அச்சு என்று சொல்லப்பட்டது பாறையிலிருந்து உரிந்துகொண்டிருந்தது. கோடிக்கணக்கான ஆண்டு கல்லோடு கல்லாய்க் கிடந்தது இரண்டே வருஷத்தில் உரியுமா? அக்கம்பக்கத்துப் பாறைகளில் மலைத்தேனீக்களின் கூடுகள். அவற்றிலும் அதே அமைப்பு. புதைபடிவமாவது, மண்ணாங்கட்டியாவது! அழிந்துபோன தேன்கூட்டின் மிச்சம். 2023-ல் இதை வெளியிட்டார்கள். ரெட்டலாக்கும் தாம் சொன்னது தவறென்று ஒப்புக்கொண்டார். அதனால் அவர் தலை போய்விடவில்லை, உலகமும் இருண்டுவிடவில்லை.

இனி மற்றொரு கல்லைப் பாருங்கள். நேபாளத்துக் கண்டகி ஆற்றில் கிடைக்கும் கரிய கல்லுக்குச் சாளக்கிராமம் என்று பெயர். உள்ளேயிருக்கும் சுருளை விஷ்ணுவின் சக்கரம் என்கிறார்கள். வஜ்ரகீடம் என்னும் புழு குடைந்தது என்றும் கதை உண்டு. உண்மையில் அச்சுருள் அம்மோனைட் என்னும் கடற்பிராணியுடைய ஓட்டின் அச்சு. கணவாய்க்கு உறவான இந்த இனம் சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்பே பூண்டற்றுப் போயிற்று. கடலடி மண் உயர்ந்து இமயமலையானபோது இந்த அச்சுகளும் மலையேறின. நமது அரியலூர்ப் பக்கத்துப் பாறைகளிலும் அம்மோனைட் அச்சுகள் கிடைக்கின்றன. அவற்றுக்குத் துளசி சாத்துவார் யார்? பிராணி ஒரே இனந்தான். கதை கட்டியவன் அரியலூருக்கு வரவில்லை, அவ்வளவே!

பீம்பேட்காப் பாறையில் பிழை திருந்தியதற்குக் காரணம் என்ன? சந்தேகப்பட்டவன் போய்ப் பார்க்கலாம், பார்த்ததைச் சொல்லலாம் என்று இருந்ததுதான். சாளக்கிராமத்தையோ பெண்களும் சூத்திரரும் தொடவே கூடாது என்று விதித்த சாஸ்திரங்கள் உண்டு. தொட்டுப் பார்த்தால்தானே சந்தேகம் வரும்? சந்தேகம் வந்தால்தானே பொய் வெளியாகும்? “ஒரே பேச்சு” என்னும் பெருமையின் இரகசியம் இதுதான். வாயைக் கட்டி வைத்துவிட்டு, மறுத்துப் பேச ஆளில்லை என்று மார்தட்டுவதில் என்ன யோக்கியதை இருக்கிறது என்று கேட்கிறோம்.

இதனால் பேராசிரியன் சொல்வதெல்லாம் வேதவாக்கு என்று நாம் சொல்ல வரவில்லை. அவனையும் “எப்படித் தெரிந்தது? வேறு யார் பார்த்தார்கள்?” என்று கேளுங்கள். கேட்டால் கோபிக்காமல் ஆதாரத்தைக் காட்டுபவன் எவனோ அவனே அறிவாளி.

வீட்டில் சாளக்கிராமம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அதைப் பூஜைப் பெட்டியிலிருந்து எடுத்து வெயிலில் வையுங்கள். தெருப் பிள்ளைகளையெல்லாம் கூப்பிட்டுக் கையில் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். எவன் என்ன சாதி என்று மட்டும் கேட்காதீர்கள்.