துப்பாக்கிக்கும் வளையல் மாதிரி அளவு உண்டு

சென்ற இதழில் பன்னீர் திராட்சை ரசம் பற்றி எழுதியதற்குக் கடிதங்கள் நிறைய வந்திருக்கின்றன. அவற்றோடு உத்தமபாளையம் பக்கத்துச் சகோதரி ஒருவரின் கடிதமும் இருந்தது. அதில் திராட்சையைப் பற்றி ஒரு வரிகூட இல்லை! ஒன்பதாவது படிக்கும் தன் மகள், 2024-ல் பாரிஸ் ஒலிம்பிக்ஸில் மனு பாக்கர் இரண்டு வெண்கலம் வாங்கியதைப் பார்த்ததிலிருந்து பிஸ்டல் சுடவேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாளாம். மரக் கைப்பிடி போட்ட, பழைய மோஸ்தர் செமி ஆட்டோமேடிக் பிஸ்டல் ஒன்றின் படத்தை வெட்டி அலமாரியில் ஒட்டி வைத்திருக்கிறாளாம். "உங்கள் மகள் இதெல்லாம் பழகுவதாக முன்பு ஒரு தடவை எழுதியிருந்தீர்களே அக்கா, எதை வாங்கலாம்? எப்படிப் பார்த்து வாங்குவது?" என்று கேட்டிருக்கிறார்.

அடுப்படிப் பேச்சு பேசுகிறவள் துப்பாக்கியைப் பற்றி எழுதலாமா என்று நீங்கள் முகம் சுளிக்க வேண்டாம். பிள்ளை கையில் எது இருக்கிறதோ, அதைத் தாய் தெரிந்து வைத்திருப்பதுதான் நல்லது.

முதலில் சட்டம். 1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டப்படி 21 வயது நிறையாதவர் சொந்தமாகத் துப்பாக்கி வைத்துக்கொள்ள முடியாது. ஆனால் 12 வயது நிறைந்திருந்தால் கிளப்பில், கோச் முன்னிலையில் பழகலாம். ஆக, ஒன்பதாவது படிக்கும் குழந்தைக்குத் தோட்டா போடும் பிஸ்டல் வாங்குகிற பேச்சே இப்போது இல்லை. அவள் ஆரம்பிக்க வேண்டியது ஏர் பிஸ்டலில். காற்றழுத்தத்தில் 4.5 மில்லிமீட்டர் ஈய ரவையைத் தள்ளும் கருவி அது. 20 ஜூலுக்கு மேல் சக்தி இல்லாத ஏர் பிஸ்டலுக்கு லைசென்ஸ் வேண்டாம். பத்து மீட்டர் தூரத்தில், பத்து மதிப்பெண் தரும் நடு வட்டம் 11.5 மில்லிமீட்டர்தான். சட்டைப் பொத்தான் அளவு! ஒற்றைக் கையால் அதைக் குறி பார்த்து ஒன்றேகால் மணி நேரத்தில் 60 தடவை சுட வேண்டும். இரண்டு வருஷம் இதிலேயே கிடந்தால்தான் மற்றதற்குக் கை பழகும். அந்த ஏர் பிஸ்டலையும் உடனே வாங்க வேண்டாம், கிளப்பில் இருப்பதை வைத்தே பழகட்டும்.

என் மகள் அப்படித்தான் பழகினாள். மதுரையில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள். இரண்டு வருஷம் ஏர் பிஸ்டல், பிறகு இந்த வருஷம் 25 மீட்டருக்கு மாறினாள். வருகிற வருஷம் 21 முடிகிறது. அதனால் எங்கள் வீட்டில் இப்போது இதே பேச்சுத்தான். எதை வாங்குவது, எந்தப் பணத்தில் வாங்குவது என்பதுதான் விவகாரம். தை மாதம் விழுகிற சீட்டுப் பணம் ஒன்று இருக்கிறது. "அதுல நாலு பவுனுக்குச் சங்கிலி எடுத்து வையி. நாளைக்குக் கட்டிக் குடுக்கிற பிள்ளை" என்கிறார் மாமியார். அவர் சொல்வதில் தப்பில்லை. தங்கம் விற்கிற விலையில், இன்று எடுக்காவிட்டால் நாளைக்கு எடுக்க முடியுமா என்கிற பயம் எனக்கும் உண்டு.

இதற்கு நடுவே என் அண்ணன். போடி மெட்டுப் பக்கம் ஏலக்காய்த் தோட்டம் வைத்திருப்பவர், தோட்டத்துக்கு லைசென்ஸ் துப்பாக்கியும் வைத்திருப்பவர். தாய்மாமன் சீராக மருமகளுக்குத் தானே பிஸ்டல் எடுத்துத் தருவதாகச் சொல்கிறார். "சினிமாவுல வருமே, நல்லாக் கனமா, சதுரமா, அது மாதிரி இருக்கணும்" என்கிறார். அவர் சொல்வது அமெரிக்காவில் ஜான் பிரௌனிங் என்பவர் வடிவமைத்து, 1911-ல் அந்நாட்டு ராணுவம் ஏற்றுக்கொண்ட பிஸ்டல். அந்த வருஷமே அதற்குப் பெயராகிவிட்டது. அழகுதான், நான் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அது .45 தோட்டா. பெண்களுக்கான 25 மீட்டர் போட்டியில் .22 தோட்டாவுக்கு மட்டுமே இடம். அதே உருவத்தில் .22 பிஸ்டலும் செய்கிறார்கள். ஆனால் ராணுவத்துக்கென்று செய்த தட்டைக் கைப்பிடி அது. உள்ளங்கைக்குக் கீழே தாங்கல் கிடையாது. குறி பார்க்கும் முள்ளும் சிறியது. மாமாவின் ஆசைக்காகப் பிள்ளையின் மணிக்கட்டைப் பணயம் வைக்க முடியுமா? "அண்ணே, சீரைப் புடவையாகவே செய்யுங்க" என்று சொல்லிவிட்டேன். இன்னும் கோபமாகத்தான் இருக்கிறார்.

செமி ஆட்டோமேடிக் என்றால் விசையை ஒரு தடவை அழுத்தினால் ஒரு தோட்டாதான் வெடிக்கும். வெடித்த வேகத்திலேயே மேல் பாகம் பின்னால் தள்ளப்பட்டு, காலிக் கூடு வெளியே தெறித்து, மேகஸினில் இருக்கும் ஸ்பிரிங் அடுத்த தோட்டாவை மேலே ஏற்றிவிடும். நாம் மறுபடி விசையை விட்டு அழுத்த வேண்டும். போட்டியில் ஒரு வரிசைக்கு ஐந்து தோட்டாதான். முதல் 30 தோட்டாக்களை நிதானமாக, ஐந்து ஐந்தாக, ஒவ்வோர் ஐந்துக்கும் 5 நிமிஷம் எடுத்துக்கொண்டு சுட வேண்டும். அடுத்த 30-ல் ஒவ்வொரு தோட்டாவுக்கும் மூன்றே விநாடி. கையைத் தாழ்த்தி வைத்திருந்து, பச்சை விளக்கு எரிந்ததும் தூக்கிச் சுட வேண்டும். நிதானச் சுற்றில் நடு வட்டம் 50 மில்லிமீட்டர். ஒரு பெரிய எலுமிச்சம்பழத்தை 82 அடி தள்ளி வைத்துப் பாருங்கள், தெரியும்.

இந்தப் போட்டிக்கான பிஸ்டல்களில் இரண்டு ஜாதி உண்டு. பழைய மோஸ்தரில் மேகஸின் கைப்பிடிக்குள்ளேயே இருக்கும். சுவிட்சர்லாந்தின் ஹேமர்லி 208 அந்த வகையில் பெயர் பெற்றது. எஃகு உடம்பு, வாதுமை மரக் கைப்பிடி. அந்தப் பெண் அலமாரியில் ஒட்டியிருப்பதும் இந்த ஜாதியாகத்தான் இருக்கும். புது மோஸ்தரில் மேகஸின் விசைக்கு முன்னால் இருக்கும். ஜெர்மனியின் வால்தர், இத்தாலியின் பார்தினி எல்லாம் அப்படி. குழல் கைக்குத் தாழ்வாக அமைவதால் சுட்டதும் முனை அதிகம் எகிறாது. மூன்று விநாடிச் சுற்றுக்கு அது சௌகரியம். கோச் புதிசையே சொல்கிறார். என் மகளுக்கோ பழசின் மேல்தான் பிரியம். அதன் கனம் கையில் அலையாமல் உட்காருகிறதாம்.

நான் ஒருநாள் கூடவே போய், காலி என்று கோச் திறந்து காட்டிய பிறகு, இரண்டையும் பிடித்துப் பார்த்தேன். எனக்குப் பட்டதைச் சொல்கிறேன். பெயரும் பழசு புதிசும் அப்புறம். கைதான் முதலில். வளையல் கடையில் இரண்டேகாலா, இரண்டரையா என்று கையைக் குவித்துப் போட்டுப் பார்க்கிறோமே, அது மாதிரி கைப்பிடிக்கும் சிறிசு, நடுத்தரம், பெரிசு என்று அளவு உண்டு. வலது கைக்காரர், இடது கைக்காரர் என்று தனித்தனி உண்டு. வெள்ளைத் தாளில் பிள்ளையின் கையை விரல் விரித்து வரைந்து கொண்டுபோய்க் காட்டுங்கள். பிடித்ததும் ஆள்காட்டி விரலின் முதல் கணு விசைமேல் நேராக விழ வேண்டும். அந்த விரல் கைப்பிடி மரத்தின் பக்கவாட்டில் உரசக் கூடாது. கண்ணை மூடிக்கொண்டு கையைத் தூக்கி, பிறகு கண்ணைத் திறந்து பார்த்தால் முன்முள் பின்காடிக்கு நடுவில் தானாகவே நிற்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் மணிக்கட்டைத் திருகித்தான் நடுவுக்குக் கொண்டுவர முடிகிறது என்றால், அது எவ்வளவு பெயர் பெற்ற கம்பெனியானாலும் அவளுக்கு உரியது இல்லை. கைப்பிடியில் இடித்த இடத்தை அரத்தால் ராவி, பள்ளமான இடத்தில் மரப்பசை வைத்து நிரப்பிக் கொடுக்கிறார்கள். ஆனால் அது ஓர் அளவு வரைக்கும்தான். சிறிய கைக்குப் பெரிய கைப்பிடியைச் செதுக்கிச் செதுக்கிப் பொருத்துவது கடைசியில் பிளவுஸ் தைத்த கதையாகத்தான் முடியும்.

அடுத்தது விசையின் கனம். 25 மீட்டர்ப் போட்டிக்குக் குறைந்தது 1000 கிராம் இருக்க வேண்டும். போட்டியில் அதைச் சோதிக்கும் முறை எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு கிலோ எடையை விசையில் மாட்டி, பிஸ்டலை மெதுவாக மேலே தூக்குவார்கள். விசை விழாமல் எடை மேலே எழும்பினால் சரி. நம் மளிகைக் கடை படிக்கல் கணக்கேதான்! மொத்த எடை 1400 கிராமுக்கு மேல் போகக் கூடாது. வீட்டில் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை ஒற்றைக் கையில் நீட்டி அரை நிமிஷம் பிடிக்கச் சொல்லுங்கள். முடிகிற பிள்ளைக்குக் கனமான பழைய எஃகு உடம்பு கைகொடுக்கும். தோள் நடுங்குகிறவளுக்கு இலேசானது போதும், கனத்தைப் பிற்பாடு கூட்டிக்கொள்ளலாம்.

பழைய பிஸ்டல் எடுப்பதானால் சாமான் கிடைக்குமா என்று கேட்காமல் பணம் கொடுக்காதீர்கள். ஹேமர்லி 208 இப்போது உற்பத்தியில் இல்லை. மேகஸின், ஸ்பிரிங், ஊசி மூன்றும் உபரியாக இருக்கிறதா? ஐந்து ஐந்தாகப் பத்து வரிசை சுடச் சொல்லி, காலிக் கூடு ஒன்றாவது சிக்குகிறதா என்று பக்கத்தில் நின்று எண்ணுங்கள். மணல் மூட்டையில் ஊன்றி வைத்து இரண்டு மூன்று வகைத் தோட்டாக்களையும் சுட்டுப் பார்க்க வேண்டும். ஒரே பிஸ்டல் ஒரு தோட்டாவை நெருக்கமாகப் போடும், இன்னொன்றைச் சிதற அடிக்கும். 2021-ல் டோக்கியோவில் இதே மனு பாக்கருக்கு நடுப் போட்டியில் ஏர் பிஸ்டலின் லிவர் உடைந்து நிமிஷங்கள் போயின. இறுதிச் சுற்றுக்கே போக முடியாமல் ஆயிற்று. நாட்டுக்காக ஆடுகிற பெண்ணுக்கே அப்படியென்றால், நாம் சாமான் கிடைக்காத பொருளை வாங்கலாமா? இன்னொன்று, வெளிநாட்டிலிருந்து நேராகத் தருவிக்கும் சலுகை போட்டிகளில் மதிப்பெண் எடுத்துத் தகுதி பெற்றவர்களுக்குத்தான். மற்றவர்களுக்கு, லைசென்ஸ் வாங்கிய பிறகு, இங்கே கைமாறி வருவதில்தான் தேர்வு. அதனால் எங்கள் வீட்டு முடிவு இப்போதைக்கு இதுதான்: தை வரைக்கும் கிளப் பிஸ்டல். சீட்டு விழுந்ததும் பாதிக்குச் சங்கிலி, பாதி அவள் பெயரில் பாங்கில். மாமியார் அரை மனசாகத் தலையாட்டியிருக்கிறார்.

"கல்யாணமானால் விட்டுவிடத்தானே போகிறாள்" என்று கேட்கிறவர்களுக்காக ஒரு செய்தி. பெண்களுக்கென்று 25 மீட்டர் பிஸ்டல் போட்டியை ஒலிம்பிக்ஸில் முதன்முதலாக வைத்தது 1984-ல், லாஸ் ஏஞ்சல்ஸில். ஜெயித்தவர் கனடாவின் லிண்டா தாம். பாரிஸில் கார்டோன் ப்ளூ பள்ளியில் முறையாகச் சமையல் படித்தவர், இரண்டு குழந்தைகளுக்குத் தாய், அப்போது வயது 40. சில வருஷங்கள் துப்பாக்கியைத் தொடாமலே இருந்துவிட்டு, பெண்களுக்குப் போட்டி வருகிறது என்று தெரிந்து 1982-ல் மறுபடி எடுத்தவர். அவரும் அமெரிக்காவின் ரூபி ஃபாக்ஸும் 585 என்று சமமாக நின்று, மறுபடி சுட்டுத்தான் தங்கம் முடிவாயிற்று. நம் பக்கம் கோலாப்பூர்ப் பெண் ராஹி சர்னோபத் 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் இதே 25 மீட்டரில் தங்கம் எடுத்தார்.

இனி ஆரோக்கிய விஷயம். இதை யாரும் போதுமான அளவு சொல்வதில்லை என்பது என் அபிப்பிராயம். ரவையும் தோட்டாவும் ஈயம். .22 தோட்டா வெடிக்கும்போது ஈயத் தூசி காற்றிலும், கையிலும், துணியிலும் படியும். சுட்டு முடித்ததும் குளிர்ந்த தண்ணீரும் சோப்பும் போட்டுக் கை, முகம் கழுவாமல் ஒரு முறுக்குக்கூட வாயில் வைக்கக் கூடாது. அந்தத் துணியைக் கைக்குழந்தையின் துணிகளோடு சேர்த்துத் துவைக்கக் கூடாது. கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மார்களும் ரேஞ்சுக்குள்ளே உட்கார்ந்து வேடிக்கை பார்க்க வேண்டாம். வெளியே காத்திருங்கள். .22 சத்தம் சின்னதுதான் என்று ஏமாறாதீர்கள், காதுக் கவசமும் கண்ணாடியும் பார்க்கிறவருக்கும் அவசியம்.

வீட்டில் ஏர் பிஸ்டல் இருந்தாலும் பூட்டிய பெட்டியில் இருக்கட்டும். ரவை வேறு அலமாரியில், சாவி தாயின் இடுப்பில். தேர்தல் அறிவித்தால் தோட்டக்காரர்கள் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்க ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். விளையாட்டு வீரர்களுக்கு விலக்குக் கேட்க வழி உண்டு. அதற்குச் சங்க அட்டை கையில் வேண்டும்.

உத்தமபாளையம் சகோதரிக்கு: லீவு நாளில் மகளை மதுரைக்கு ஒரு தடவை கூட்டிப் போங்கள். தேனியிலிருந்து ரயில் இருக்கிறது. முதல் நாள் ராத்திரியே நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள், வளையலையும் மோதிரத்தையும் கழற்றி வீட்டில் வைத்துவிடச் சொல்லுங்கள். கை வரைந்த தாளை மறக்க வேண்டாம். டிபன் பாக்ஸ் மட்டும் ரேஞ்சுக்கு வெளியே, பையிலேயே இருக்கட்டும்.