தோட்டத்துச் சாளையும் துப்பாக்கி உரிமமும்

2024 நவம்பர் இறுதியில், பல்லடத்தை அடுத்த சேமலைக்கவுண்டம்பாளையத்தில், தோட்டத்து வீட்டில் இருந்த தந்தை, தாய், மகன் மூவரும் ஒரே இரவில் கொல்லப்பட்டனர். ஐந்து மாதங்களுக்குப் பின், சிவகிரியை அடுத்த விளக்கேத்திப் பகுதியில் தனித்து வாழ்ந்த முதிய இணையர் கொலையுண்டு கிடந்தது 2025 மே முதல் நாள் தெரியவந்தது. அன்று முதல் கொங்கு மண்ணில் உழவர்கள் கூடும் இடமெல்லாம் ஒரே பேச்சு. துப்பாக்கி உரிமம் கேட்டு மனுக் கொடுக்கலாமா? கொடுத்தால் எந்தத் துப்பாக்கி வாங்குவது? என்ன தோட்டா போடுவது?

இக்கேள்வியை இழித்துப் பேச எவருக்கும் உரிமை இல்லை. கொங்கு உழவன் ஊர் நத்தத்தில் நெருங்கி வாழ்பவன் அல்லன். கிணற்று மேட்டில், தென்னைக்கும் சோளத்துக்கும் நடுவே, தன் பூமியிலேயே சாளை கட்டி வாழ்பவன். பண்ணையமும் மாடு கன்றும் அங்கேதான். பிள்ளைகள் படித்துக் கோவைக்கும் பெங்களூருக்கும் கடல் கடந்தும் போய்விட்டனர். எழுபது கடந்த இருவர் மட்டும் அங்கே எஞ்சியிருக்கின்றனர். அவர்கள் கூவினால் அடுத்த தோட்டத்துக்குக் கேட்காது. அச்சம் அவர்களுக்கு நாள்தோறும் மாலை விளக்கு வைக்கும் நேரத்தில் வந்து அமர்கிறது. அந்த அச்சத்துக்கு நேர்மையான விடை சொல்ல வேண்டிய கடமை அரசுக்கும் உண்டு, எழுதுகோல் பிடித்த நமக்கும் உண்டு.

முதலில் ஒரு மயக்கத்தைக் களைந்துவிடுவோம். வேட்டைக்கு எந்தத் துப்பாக்கி சிறந்தது என்று கேட்போர் இன்றும் உள்ளனர். ஆனிரை காக்கப் புலியோடு பொருது மாண்டவர்க்கு எடுத்த புலிகுத்திக் கற்கள் கொங்கின் பல ஊர்களில் நிற்கின்றன. பன்றியோடு பொருது வீழ்ந்தவர்க்கும் கல் நட்ட நாடு இது. ஆயினும் அவை காவலின் கற்களே. பொழுதுபோக்கின் கற்கள் அல்ல. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும், அதற்கு 1991இல் வந்த திருத்தமும் வேட்டை என்னும் கதவை இந்நாட்டில் அடைத்துவிட்டன. முயலோ மானோ, உரிமம் பெற்ற துப்பாக்கியால் சுட்டாலும் குற்றம் குற்றமே. ஆகவே இங்கே துப்பாக்கிக்கு எஞ்சிய தேவை இரண்டுதான்: பயிர்க்காவல், உயிர்க்காவல். இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதே இன்றைய விவாதத்தின் பெருங்குறை. முன்னதற்கு நாம் உழவர் பக்கம் நிற்கிறோம். பின்னதில் அவர்களோடு மாறுபட்டுப் பேச வேண்டியிருக்கிறது.

பயிர்க்காவலைப் பற்றிச் சட்டமே தெளிவாகப் பேசுகிறது. 1959ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டம், 13ஆம் பிரிவில், மெய்யான பயிர்க்காவலுக்கு வாய்வழியே மருந்திடும் துப்பாக்கிக்கு உரிமம் வழங்க வேண்டும் என்கிறது. அது போதாது என்று அதிகாரி நிறைவு கொண்டால் 20 அங்குலத்துக்குக் குறையாத குழல் கொண்ட, உள்வரி இல்லாத துப்பாக்கிக்கும் வழங்கலாம் என்கிறது. வாய்வழியே கருமருந்தும் ரவையும் இட்டு இடிக்கும் நாட்டுத் துப்பாக்கி ஒரு முறை வெடித்தபின் மீண்டும் ஆயத்தமாக நெடுநேரம் பிடிக்கும். மழையில் மருந்து நமுத்தால் வெடிக்கவே வெடிக்காது. அறுபது ஆண்டுக்கு முந்தைய உழவனுக்கு அது போதும் என்று எண்ணியவர்கள், மக்காச்சோளக் காட்டுக்குள் இரவில் கூட்டமாக இறங்கும் காட்டுப்பன்றிகளைக் கண்டிருக்க மாட்டார்கள்.

இதற்குத் தகுந்த கருவி, மக்கள் 12 போர் என்று சொல்லும் துப்பாக்கி, அதிலும் இரட்டைக்குழல். அதன் சிறப்பு அதன் எளிமை. குழலை மடக்கித் திறந்தால் உள்ளே தோட்டா இருக்கிறதா இல்லையா என்பது அரையிருளிலும் கண்ணுக்குத் தெரியும். விரலால் தடவியும் அறியலாம். வேறெந்தப் பாதுகாப்புப் பொறியும் இதற்கு ஈடாகாது. திருச்சிராப்பள்ளித் துப்பாக்கித் தொழிற்சாலையில் செய்யப்படும், பிடியை முன்னும் பின்னும் இழுத்துச் சுடும் 12 போர் துப்பாக்கி கூடுதல் தோட்டா கொள்ளும். ஆனால் பழகாத கைக்கு அதில் தோட்டா ஒளிந்திருக்கும் ஆபத்து மிகுதி.

தோட்டாவைத் தேர்வதில்தான் பலர் தவறுகின்றனர். பறவைக்கு உரிய பொடி ரவையைப் பன்றி மீது சுட்டால், ரவை தோலிலும் கொழுப்பிலும் தங்கிவிட, பன்றி புண்பட்டு ஓடும். உண்ணிச்செடிப் புதரில் கிடந்து பல நாள் வதைபட்டுச் சாகும், அல்லது மறுநாள் காலை தண்ணீர் பாய்ச்ச வருபவர் மீது பாயும். எஸ்.ஜி., எல்.ஜி. எனப்படும் பெரிய ரவைகளே பன்றிக்குரியவை. அவையும் முப்பது, நாற்பது மீட்டருக்குள்தான் நம்பத்தக்கவை; அதற்கு அப்பால் ரவைகள் சிதறிப் போகும். ஒரு பருவத்துக்கு மேல் தகரப் பெட்டியில் வியர்த்துக் கிடந்த தோட்டாவை நம்பி இரவில் இறங்குவதும் கூடாது. விசையிழுத்தும் வெடிக்காத தோட்டா, சில நொடி தாமதித்து வெடிப்பதுண்டு. உடனே குழலைத் திறந்து முகத்தருகே கொண்டுபோகும் பழக்கம் கண்ணைப் பறித்துவிடும்.

'அதைவிட .315 ரைபிள் வலியதாயிற்றே' என்பார் உண்டு. இஷாப்பூரில் செய்யப்படும் அந்த ரைபிள் நல்ல கருவிதான். ஆனால் அதன் குண்டு ஒரு கிலோமீட்டருக்கு அப்பாலும் உயிர் குடிக்க வல்லது. காங்கேயத்திலும் தாராபுரத்திலும் பூமி மட்டமானது. வரப்புக்கு வரப்பு சாளை. குறி தப்பிய குண்டு யார் வீட்டு வாசலில் போய் நிற்கும் என்று சுட்டவருக்குத் தெரியாது. கொங்கின் குடியிருப்பு முறையே ரைபிளுக்கு எதிராகச் சாட்சி சொல்கிறது. பரண் மேலிருந்து மண்ணை நோக்கிச் சுடும் 12 போரே இந்நிலத்துக்கு இசைந்தது.

இத்தனையும் சொன்னபின் கசப்பான உண்மை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பயிர்க்காவல் உரிமம் கையில் இருந்தாலும் பன்றியைச் சுடும் அனுமதி அதனால் கிட்டிவிடாது. வெடியோசை எழுப்பி விரட்டலாம், அவ்வளவே. சுடுவதற்கு வன உயிரினச் சட்டத்தின்படி தனி ஆணை வேண்டும். 2025 சனவரியில் தமிழக அரசு வகுத்த முறை, காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டர் வரை சுடுதலை விலக்கியது. ஒன்று முதல் மூன்று கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விடச் சொன்னது. மூன்றுக்கு அப்பால் சுடலாம் என்றது. சுடுவது வனத்துறையினர். பன்றி வந்தது இரவு ஒரு மணிக்கு. ஆணை பெற்ற வனத்துறையாளர் வருவது எப்போது? வாளையாற்றுக்கு அப்பால் கேரளம் 2022இல் வேறு வழி கண்டது. உள்ளாட்சித் தலைவருக்கு ஆணையிடும் அதிகாரம் தந்து, உரிமம் பெற்ற துப்பாக்கியாளரைப் பட்டியலிட்டு, அவர் கையால் சுட வைத்தது. பாலக்காட்டு உழவனுக்கு இயன்றது பொள்ளாச்சி உழவனுக்கு ஏன் இயலாது?

மறுப்பதால் துப்பாக்கி ஒழிந்துவிடவில்லை. மறைவான, கொடிய கருவிகளே பெருகின. பழத்துக்குள் வெடிமருந்து வைக்கும் அவுட்டுக்காயைக் கடித்து வாய் சிதைந்து, உண்ண முடியாமல் மெலிந்து மாண்ட யானைகளைக் கோவை வனக்கோட்டம் கண்டிருக்கிறது. 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே, பன்றிக்கு என்று கள்ளத்தனமாக மின்சாரம் பாய்ச்சிய கம்பியில் மூன்று யானைகள் ஒருசேர மடிந்தன. இரண்டு குட்டிகள் அனாதையாயின. பெயரும் எண்ணும் பதிந்த ஒரு துப்பாக்கி, பயிற்சி பெற்ற ஒருவர், எழுத்து வடிவில் ஓர் ஆணை என்னும் மூன்றும் இருந்தால், கணக்குக் கேட்க ஆள் இருப்பார். இரவில் கம்பிக்குப் பாயும் மின்சாரத்திடம் யார் கணக்குக் கேட்பது?

இனி உயிர்க்காவல். இதற்கென்று மனுச் செய்வோர் பெரும்பாலும் கேட்பது .32 ரிவால்வர் அல்லது பிஸ்டல். 9 மி.மீ. முதலியவை பொதுமக்களுக்குத் தடுக்கப்பட்டவை. கான்பூரில் செய்யும் .32 ரிவால்வரே பலர் அறிந்தது. பெண்களுக்கென்று 2014இல் வெளியிட்ட 'நிர்பீக்' அரைக் கிலோ எடையும் இலட்சத்துக்கு மேற்பட்ட விலையும் கொண்டிருந்தது. பிஸ்டலைவிட ரிவால்வர் முதியவருக்கு ஏற்றது என்பதில் ஐயமில்லை: ஒரு தோட்டா பொய்த்தால் விசையை மறுமுறை இழுத்தால் போதும், அடுத்தது வரும். ஆனால் குறுங்குழல் ரிவால்வரால் பத்தடிக்கு அப்பால் இருளில் குறி வைப்பது, மாதந்தோறும் சுட்டுப் பழகியவர்க்கே அரிது. வீட்டுக்குள் காக்க 12 போர் இதைவிட உறுதியானது. எனினும் அதன் நீளமும் உதைப்பும் எழுபது வயதுத் தோளுக்குச் சுமை.

கருவியின் குறையைவிடப் பெரிது நேரத்தின் குறை. 2016ஆம் ஆண்டின் படைக்கல விதிகள், பாதுகாப்பாகப் பூட்டி வைப்பேன் என்ற உறுதிமொழியை உரிமம் கேட்பவரிடம் வாங்குகின்றன. அது சரியான விதி. பேரன் பேத்திகள் விடுமுறைக்கு வரும் வீட்டில் தலையணைக்கு அடியில் நிரப்பிய துப்பாக்கியை வைக்கச் சொல்பவன் அறிவிலி. அப்படியானால் நள்ளிரவில் நாய் குரைத்து, கதவைத் திறந்த கணத்தில் இரும்புக் கம்பி தலையில் இறங்கும் தாக்குதலில், பூட்டிய பெட்டி என்ன செய்யும்? நாள்கணக்கில் நோட்டமிட்டு வருபவன் அவ்வீட்டில் துப்பாக்கி இருப்பதையும் அறிந்தே வருவான். நகையோடு அதையும் எடுத்துப் போவான். அடுத்த சாளைக்கு அவன் துப்பாக்கியோடு போவான்.

தற்காப்பு உரிமையைச் சட்டம் மறுக்கவில்லை. 2024 சூலை முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா, 34 முதல் 44 வரையான பிரிவுகளில் அதை வகுக்கிறது. இரவில் வீட்டை உடைத்துப் புகுபவனைத் தடுக்கையில் அவன் இறக்க நேர்ந்தாலும் அவ்வுரிமை நீளக்கூடும். ஆனால் தேவைக்கு மிஞ்சிய தீங்கு கூடாது என்பதும் அதே சட்டத்தின் சொல். தேங்காய் திருடி ஓடுபவன் முதுகில் சுட்டவர், கொலை வழக்கில் ஆண்டுக்கணக்காய் நீதிமன்றப் படியேறுவார். இன்னொன்றையும் கொங்கு அறியும். வரப்புத் தகராறும் வாய்க்கால் தகராறும் பங்காளிச் சண்டையும் இல்லாத ஊர் இங்கே இல்லை. அரிவாள் ஓங்கிய கையைப் பிடித்து நிறுத்த நேரம் இருக்கும். விசையிழுத்த விரலைப் பிடிக்க நேரம் இல்லை. மகனின் குடியும், தந்தையின் தனிமைத் துயரும் உள்ள வீட்டில் அந்தப் பெட்டியின் சாவி யார் கையில் இருக்கும் என்பதைக் கள்வனுக்கு முன்பே எண்ணிப் பார்க்க வேண்டும்.

சிவகிரி வழக்கில் பிடிபட்டவர்களே பல்லடம் கொலைகளையும் செய்தவர்கள் என்று காவல்துறை அறிவித்தது. அந்த அறிவிப்பு மெய்யானால், முதல் வழக்கில் ஐந்து மாதம் துப்புத் துலங்காமல் கிடந்ததே விளக்கேத்தி இணையரின் உயிருக்கு உலையாயிற்று என்று பொருள். அவர்களுக்கு ரிவால்வர் இல்லாதது குறையன்று. விரைந்த புலனாய்வு இல்லாதது, தோட்டத்துத் தடங்களில் இரவுக் காவல் இல்லாதது, தனித்து வாழும் முதியோர் யார் யார் என்ற பட்டியல் காவல் நிலையத்தில் இல்லாதது: இவையே குறை. உயிர் காக்கும் கடமையை ஓர் இலட்ச ரூபாய்க் கருவியாக மாற்றி எழுபது வயது உழவன் தலையில் கட்டுவதை இத்தலையங்கம் ஏற்காது.

உரிமம் கேட்பவரையும் அலைக்கழிக்க வேண்டியதில்லை. மறுத்தால் காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும், போதிய சொத்து இல்லை என்பதற்காக மட்டும் மறுக்கக் கூடாது, மறுப்பை எதிர்த்து மேல்முறையீடு உண்டு என்பதெல்லாம் 1959ஆம் ஆண்டின் சட்டத்திலேயே உள்ளவை. மாவட்ட ஆட்சியர்கள் அவற்றை எழுத்துப்படி நடத்தட்டும். பயிர்க்காவல் மனுக்களைத் தற்காப்பு மனுக்களிலிருந்து பிரித்து, வட்டந்தோறும் தனியே கேட்டு முடிக்கட்டும். உரிமம் தருமுன் கட்டாயமான பாதுகாப்புப் பயிற்சியை, கோவை நகரத்துக்கு வந்துதான் பெற வேண்டும் என்றில்லாமல், உடுமலைக்கும் சத்தியமங்கலத்துக்கும் கொண்டு செல்லட்டும். தேர்தல் தோறும் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்லும் அரசு, அந்த வாரங்களில் பன்றி இறங்கும் தோட்டங்களுக்கு யாரை அனுப்பும் என்பதையும் சொல்லட்டும். மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் சுடலாம் என்ற ஆணையின்படி ஒவ்வொரு கோட்டத்திலும் எத்தனை முறைப்பாடு வந்தது, எத்தனை நாளில் ஆள் போனார் என்ற கணக்கை வனத்துறை மாதந்தோறும் உழவர் குறைதீர் நாள் கூட்டத்தில் வைக்க வேண்டும். அடுத்த மக்காச்சோளம் கதிர் பிடிக்குமுன் அது தொடங்க வேண்டும்.