ஊருக்குமா தலையெழுத்து?

ஓசூரில் 1970-களில் சிப்காட் தொழிற்பேட்டை ஏற்பட்டது. 2019-ல் அவ்வூர் மாநகராட்சியாயிற்று. ஐம்பது வருஷத்திற்குள் ஒரு சிற்றூர் இப்படிப் பெருகியது கடவுள் சித்தமா? ஆலைகள் வந்தன, பிழைப்புத் தேடி ஜனங்கள் வந்தார்கள், அவர்களுக்கு வீடு வேண்டியதாயிற்று, அவ்வளவே. காரணம் தெரிந்த காரியத்திற்கு முன்கூட்டியே திட்டம் போடுவதில் என்ன கஷ்டம் என்று கேட்கின்றோம்.

நம் ஜனங்களோ வாசற்படி எத்திசை பார்க்க வேண்டுமென்று வாஸ்துக்காரனுக்குப் பணங்கொட்டி அழுகிறார்கள். அவ்வீட்டுச் சாக்கடை எத்திசை போகுமென்று கேட்பவர் எத்தனை பேர்? ஏரியைத் தூர்த்துக் கட்டிய வீட்டில் வெள்ளம் புகுந்தால் மாத்திரம் வருணபகவான்மேல் பழி!

திட்டமென்பது வெறும் ரஸ்தாப் படமல்ல. இன்னும் இருபது வருஷத்தில் குடிதண்ணீர் எங்கிருந்து வரும், குப்பை எங்கே போகும், கூலிக்காரன் எங்கே குடியிருப்பான் என்பதற்குப் பதில் சொல்வதே திட்டம். அதிலும் குப்பைமேட்டைச் சேரிப்பக்கமும் பூங்காவைப் பணக்காரர் பக்கமும் வைப்பார்களேயானால், அது படமாக வரைந்த வருணாசிரமமேயாகும்.

1971-ம் வருஷத்திய நகர் ஊரமைப்புச் சட்டப்படி, முழுமைத் திட்டத்தின் வரைவை வெளியிட்டு ஜனங்களின் ஆட்சேபணையைக் கேட்டாக வேண்டும். ஆகவே தோழர்களே! ஜோசியனிடம் செலவழிக்கும் நாட்களில் ஒன்றையாவது அவ்வரைவைப் படித்துக் கேள்வி கேட்பதற்குச் செலவழியுங்கள் என்று வேண்டிக்கொள்ளுகின்றோம்.