முதலில் எண்ணுவோம்

விளையாட்டு மைதானத்துப் புல் திட்டுத் திட்டாக மஞ்சளாகிறது. தண்ணீர் விட்டாலும் தளிர்ப்பதில்லை. கையால் பற்றி இழுத்தால், விரித்த பாயைச் சுருட்டுவதுபோல் புல்தரையே உரிந்து வருகிறது. அடியில் பார்த்தால், வெண்ணிற உடலும் பழுப்புத் தலையும் கொண்ட புழுக்கள் அரைவட்டமாகச் சுருண்டு கிடக்கின்றன. வேரைத் தின்று கொழுத்த வேர்ப்புழுக்கள் அவை. இதைக் கண்டவுடன் எல்லோரிடமிருந்தும் எழும் குரல் ஒன்றுதான்: "மருந்தைப் போடுங்கள்!"

அந்தக் குரலோடு எனக்கு உடன்பாடில்லை. புழுக்களிடம் பரிவு காட்ட வேண்டும் என்பதல்ல என் கருத்து. வேரற்ற புல்தரை ஓடுகிறவன் காலை வாரிவிடும். கணுக்கால் பிசகினால் ஓராண்டுப் பயிற்சியும் வீணாகும். ஆகவே புழுவைக் கட்டுப்படுத்தத்தான் வேண்டும். ஆனால் எத்தனை புழு, எந்தப் பருவத்துப் புழு என்று எண்ணிப் பாராமல் நஞ்சைத் தூவக் கூடாது என்பதே என் வாதம்.

பூச்சிகொல்லியை நாம் "மருந்து" என்று அழைத்துப் பழகிவிட்டோம். பெயர் இனிமையானவுடன் அச்சமும் போய்விடுகிறது. நோய் தீர்க்கும் பொருளைத் தூவுவதுபோலக் குருணையை வெறுங்கையால் அள்ளித் தூவுகிறோம். மாலையில் அதே தரையில் வெறுங்காலுடன் கபடி ஆடுகிறோம், விழுகிறோம், சிராய்த்த முழங்கையில் அந்த மண்ணே ஒட்டுகிறது. காலையில் புழுவைக் கொத்த வரும் மைனாவுக்கும் காக்கைக்கும் அங்கே என்ன தூவப்பட்டது என்று யார் சொல்வது?

அவசரப்பட்டவர்கள் அடைந்த பயன் என்ன என்பதற்கு அமெரிக்க நாட்டின் அனுபவம் ஒன்றைக் காண்போம். 1916-ஆம் ஆண்டு நியூஜெர்சி மாநிலத்தில் ஜப்பானிய வண்டு முதன்முதலாகக் கண்டுபிடிக்கப்பட்டது. நம் வேர்ப்புழு வண்டின் உறவினம் அது. அதன் புழுவும் புல்வேரையே தின்று வளரும். அவ்வண்டை ஒழிப்பதற்காக 1954-இல் இல்லினாய் மாநிலத்து ஷெல்டன் என்னும் ஊரைச் சுற்றி 1,400 ஏக்கர் பரப்பில் விமானத்திலிருந்து டைல்ட்ரின் தூவினார்கள். ராபின் முதலிய பறவைகள் கூட்டங்கூட்டமாக மாண்டன. முயல்கள் மாண்டன, பண்ணை வீட்டுப் பூனைகளும் தப்பவில்லை. ஆண்டுதோறும் நஞ்சு தூவும் பரப்புத்தான் பெருகியதே ஒழிய, வண்டு நிற்கவில்லை. மேற்கு நோக்கிப் பரவிக்கொண்டேயிருந்தது. ரேச்சல் கார்சன் 1962-இல் வெளியிட்ட "மௌன வசந்தம்" என்னும் நூலில் இக்கதையை எழுதி உலகின் கண்ணைத் திறந்தார்.

நம் நாட்டிலும் பாடம் இல்லாமலில்லை. வேர்ப்புழுவுக்கென்று பல்லாண்டுகள் மண்ணில் கொட்டப்பட்ட பி.எச்.சி. 1997-இல் தடை செய்யப்பட்டது. அதன்பின் உழவர் பெரிதும் நம்பிய போரேட் குருணையும் 2020-ஆம் ஆண்டின் இறுதியோடு தடைக்கு உள்ளாயிற்று. நேற்றைய "நல்ல மருந்து" இன்று விலக்கப்பட்ட நஞ்சு. இன்றைய மருந்துக்கு நாளை என்ன பெயரோ?

அப்படியானால் வழி என்ன? பகையை வெல்ல விரும்புகிறவன் முதலில் அதன் நடமாட்டத்தை அறிய வேண்டும். கோடையின் முதல் நல்ல மழை பெய்ததும், அந்தி வேளையில் தாய்வண்டுகள் மண்ணை விட்டு வெளிவருகின்றன. வேம்பு, முருங்கை போன்ற மரங்களில் இரவெல்லாம் இலை தின்று, விடியுமுன் மீண்டும் மண்ணுக்குள் புகுந்து முட்டையிடுகின்றன. பத்து நாள் அளவில் முட்டை பொரிந்து, சிறு புழுக்கள் வேரைத் தின்னத் தொடங்கும். புல் காய்ந்து நம் கண்ணில் படும்போது புழு பெரும்பாலும் வளர்ந்து பருத்துவிடும். பருத்த புழுவுக்கு எந்த மருந்தும் எளிதில் பலிப்பதில்லை. நமக்குக் கோபம் மிகும் வேளையில்தான் மருந்தின் வலிமை குறைவு!

ஆகவே செய்ய வேண்டியவை சில. முதல் மழை பெய்த இரவுகளில் மைதானத்தைச் சுற்றியுள்ள வேப்பமரக் கிளைகளை உலுக்கி, விழும் வண்டுகளைப் பொறுக்கி மண்ணெண்ணெய் கலந்த நீரில் இடலாம். விளக்குப் பொறியும் வைக்கலாம். ஒரு தாய்வண்டு ஒழிந்தால் பல புழுக்கள் பிறவாமலே ஒழியும். மக்காத சாணத்தைப் புல்தரைக்கு இடுவதை நிறுத்த வேண்டும். அது வண்டை விருந்துக்கு அழைப்பதாகும்.

பிறகு எண்ண வேண்டும். மண்வெட்டியால் ஒரு சதுர அடிப் புல்லை மூன்று பக்கம் வெட்டி, மூன்று அங்குல ஆழத்திற்குப் புரட்டிப் புழுக்களை எண்ணி, புல்லை மூடி நீர் விட வேண்டும். இவ்வாறு பத்து இடங்களிலாவது பார்க்க வேண்டும். புழுவே இல்லையென்றால் புல் காய்ந்ததற்கு நீர்க்குறைவோ மிதிபாடோ காரணம், மருந்து வீண். ஜப்பானிய வண்டின் புழு சதுர அடிக்கு ஐந்தாறு இருந்தாலும், நன்கு வேரோடிய புல் தாங்கிக்கொள்ளும். நம் நாட்டுப் புழு உருவில் பெரியது. ஆதலால் அதில் பாதி கண்டாலே விழித்துக்கொள்வது நல்லது.

அப்போதும் முதல் துணை நஞ்சன்று. கோயம்புத்தூரில் கண்டறியப்பட்டு, 1992-இல் ஹெட்டரோராப்டிடிஸ் இண்டிகா என்று பெயர் பெற்ற நுண்ணிய நூற்புழு ஒன்று உண்டு. அது பூச்சிப் புழுவின் உடலுக்குள் புகுந்து, தன்னுடன் சுமந்து செல்லும் பாக்டீரியாவை விடுவிக்க, இரண்டொரு நாளில் புழு மடிகிறது. பச்சைப் பூஞ்சையான மெட்டாரைசியமும் வேர்ப்புழுவைத் தாக்கும். இரண்டுக்கும் வேண்டியது ஈரமண்ணும், வெயில் சாய்ந்த மாலைப்பொழுதும், சிறிது பொறுமையும். இவையும் போதாவிடில், அனுமதிக்கப்பட்ட மருந்தைப் புழு இளமையாக இருக்கும்போது, பாதித்த பகுதிக்கு மட்டும், கையுறை அணிந்து இட்டு நீர் பாய்ச்சலாம். அந்நாட்களில் மைதானத்தில் விளையாட்டு கூடாது.

இதற்குப் பெரும் பொருட்செலவு வேண்டியதில்லை. வண்டு பொறுக்க நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் போதும். எண்ணிக்கை எடுக்க விலங்கியல் மாணவர்கள் இருக்கிறார்கள். வகுப்பில் படம் வரைந்து கற்பதை மண்ணைப் புரட்டிக் கற்கட்டுமே! மரப்பலகையில் ஆண்டுதோறும் விளையாட்டு வீரர் பெயரை எழுதுகிறோம். அதன் அருகிலேயே அவ்வாண்டுச் சதுர அடிக் கணக்கையும் எழுதி வைப்போம்.

நண்பர்களே, மைதானம் நமக்கு மட்டும் உரியதன்று. நமக்குப்பின் அதில் ஓடப் போகிறவர்களுக்கும் உரியது. அவர்களுக்கு நல்ல புல்லை விட்டுச் செல்வோம். நஞ்சேறிய மண்ணை அன்று. மருந்து மூட்டையை அவிழ்க்குமுன் மண்வெட்டியை எடுப்போம், முதலில் எண்ணுவோம்!