வரி யார் கையில், ஆட்சி அவர் கையில்

இறையாண்மை என்றதும் கொடி, நாணயம், ஐ.நா. அவையில் ஓர் இருக்கை ஆகியவையே நினைவுக்கு வருகின்றன. உலக அரசியல் பாடநூல்கள் அந்தக் கதையை 1648-ஆம் ஆண்டின் வெஸ்ட்ஃபேலியா உடன்படிக்கையிலிருந்து தொடங்குவது வழக்கம். ஆனால், இறையாண்மை எப்படிக் கைநழுவுகிறது என்பதை அறிய ஐரோப்பாவுக்குப் போகவேண்டியதில்லை. 1751 முதல் 1801 வரை திருச்சிக் கோட்டையையும் ஸ்ரீரங்கம் தீவையும் சுற்றி நடந்தவற்றிலேயே விடை இருக்கிறது. ஓர் அரசை எதிரி வீழ்த்துவது ஒரு வகை. காக்க வந்தவரிடம் படைச் செலவையும் வரி வசூலையும் ஒப்படைத்துவிட்டுத் தானே தேய்ந்துபோவது இன்னொரு வகை. ஆர்க்காட்டு நவாபுக்கு நேர்ந்தது இந்த இரண்டாவது வகை. அதுதான் வெளியே தெரியாமல் நடப்பது. ஆகவே ஆபத்தும் அதில்தான் அதிகம்.

1749-இல் ஆம்பூர்ப் போரில் நவாப் அன்வருதீன் கொல்லப்பட்டதும் அவர் மகன் முகமது அலி திருச்சிக் கோட்டையில் தஞ்சம் புகுந்தார். பட்டத்துக்குப் போட்டியிட்ட சந்தா சாகிபுக்குப் புதுச்சேரியின் பிரெஞ்சு ஆளுநர் துப்ளே துணை நின்றார்; முகமது அலிக்கு ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி துணை நின்றது. பிரிட்டனும் பிரான்சும் 1748-லேயே சமாதானம் செய்துகொண்டிருந்தன. ஐரோப்பாவில் ஓய்ந்த பகை காவிரிக் கரையில் வேறு இருவர் பெயரால் தொடர்ந்தது. இன்று பினாமிப் போர் என்று நாம் சொல்வதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. சந்தா சாகிப் பிரெஞ்சுப் படையோடு திருச்சிக் கோட்டையை முற்றுகையிட்டார். அதை உடைக்க மைசூரையும் தஞ்சையையும் புதுக்கோட்டைத் தொண்டைமானையும் முகமது அலி சேர்த்துக்கொண்டார். மைசூருக்குக் கொடுத்த விலை, திருச்சியையே தருவதாக ஒரு ரகசிய வாக்குறுதி. 1752 ஜூனில் ஸ்ரீரங்கம் தீவில் சிக்கிய பிரெஞ்சுப் படை சரணடைந்தது. தஞ்சைத் தளபதி மானோஜியிடம் அடைக்கலம் கேட்ட சந்தா சாகிப் கொல்லப்பட்டார். வென்றபின் நவாப் வாக்கை மீறினார், மைசூர் பிரெஞ்சுப் பக்கம் தாவியது, மறுபடியும் முற்றுகை. நேற்றைய கூட்டாளி இன்றைய எதிரியாவது உலக அரசியலில் வியப்பல்ல. ஆனால், ஒவ்வொரு தாவலும் நவாபைக் கம்பெனியிடம் மேலும் நெருக்கித் தள்ளியது.

அந்த நெருக்கத்துக்குக் கணக்குப் புத்தகம் இருந்தது. தன்னைக் காத்த படைக்கு நவாப் சம்பளம் தரவேண்டும். பணம் இல்லாதபோது கம்பெனி அதிகாரிகளே தனிப்பட்ட முறையில் வட்டிக்குக் கொடுத்தார்கள்; வட்டியைக் கட்ட ஊர் ஊராக வரி வருமானம் அடமானமானது. 1763-இல் செங்கல்பட்டுச் சீமை கம்பெனிக்கு ஜாகீரானது, அதாவது அதன் வரி கம்பெனிக்கே உரியதானது. வேடிக்கை என்னவென்றால், அதே ஆண்டின் பாரிஸ் உடன்படிக்கை முகமது அலியைக் கர்நாடகத்தின் (அதாவது ஆர்க்காட்டின்) சட்டப்படியான நவாப் என்று ஏற்றது. காகிதத்தில் இறையாண்மை உச்சத்தில் இருந்த நாளிலேயே கஜானா கைமாறிக்கொண்டிருந்தது. இந்தக் கடன் ஊழலைக் கண்டித்து 1785-இல் எட்மண்ட் பர்க் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் முழங்கியும் பயனில்லை. 1792 உடன்படிக்கை பாளையக்காரர்களிடம் கப்பம் வாங்கும் அதிகாரத்தையும் கம்பெனிக்குக் கொடுத்தது. 1801 ஜூலை 31-இல் எஞ்சிய ஆட்சியும் எழுதிக்கொடுக்கப்பட்டது. நவாபுக்கு மிஞ்சியது பட்டமும் வருவாயில் ஒரு பங்கும்தான்.

முகமது அலிக்கு வேறு வழி இருந்ததா என்று கேட்கலாம். எதிராளி பிரெஞ்சுத் துணையோடு வரும்போது அவர் வெறுங்கையோடு நிற்க முடியாது என்பது உண்மையே. சிறிய அரசுகள் பெரிய அரசுகளின் துணையை நாடுவது குற்றமும் அல்ல. துணைக்கு எல்லையும் காலக்கெடுவும் வைக்காததே பிழை. பிரெஞ்சு ஆபத்து நீங்கிய பிறகும் கம்பெனிப் படையும் அதன் செலவுக் கணக்கும் நீங்கவில்லை. இன்னொரு மறுப்பு, காலம் மாறிவிட்டது என்பது. 1945-இன் ஐ.நா. சாசனம் நாடுகளின் சமத்துவத்தை ஏற்கிறது, படைபலத்தால் நிலம் பறிப்பதைத் தடுக்கிறது என்பார்கள். ஆனால், நவாபின் நிலத்தை யாரும் படையெடுத்துப் பறிக்கவில்லையே! பத்திரத்தில் கையெழுத்து வாங்கித்தானே எடுத்துக்கொண்டார்கள்?

இலங்கையை இங்கே கவனமாகப் பார்க்கவேண்டும். 2017-இல் அம்பாந்தோட்டைத் துறைமுகம் 99 ஆண்டுக் குத்தகைக்குச் சீன நிறுவனத்திடம் போனதை வெறும் கடன்பொறி என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால், அந்தக் குத்தகைப் பணத்தால் துறைமுகக் கடன் ரத்தாகவில்லை. 2022-இல் கொழும்பு கடனைக் கட்டமுடியாமல் நின்றபோது, சீனக் கடனைவிடப் பன்னாட்டுச் சந்தையில் விற்ற பத்திரக் கடனே பெரிதாக இருந்தது. ஆகவே கடன் கொடுத்தவர் எந்த நாட்டவர் என்பது இரண்டாவது கேள்வி. வாங்கியவர் யாரைக் கேட்டு வாங்கினார், எதை ஈடு வைத்தார் என்பதே முதல் கேள்வி. இந்தக் கேள்வி புதிதல்ல. 1801 ஜூன் 16-இல், கம்பெனியை எதிர்த்த மருது சகோதரர்களின் அறிக்கை திருச்சிக் கோட்டையிலும் ஸ்ரீரங்கம் கோயில் மதிலிலும் ஒட்டப்பட்டபோது அது கம்பெனியை மட்டும் சாடவில்லை. அந்நியருக்கு இடம் கொடுத்த நவாபையும் சாடியது. அதை எழுதியவர்களுக்கு நோய் எங்கே என்று தெரிந்திருந்தது. ஆனால், அதற்குள் காலம் கடந்துவிட்டது. அக்டோபர் 24-இல் திருப்பத்தூரில் அவர்கள் தூக்கிலிடப்பட்டார்கள்.

நம் நாட்டிலும் வெளிநாட்டு ஒப்பந்தங்களில் கையெழுத்திடும் முன் அரசு நாடாளுமன்றத்தின் ஒப்புதலைப் பெறவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ரகசியம் காக்கவேண்டிய பேச்சுவார்த்தைகள் உண்டு, அதை மறுக்கவில்லை. ஆனால், நாட்டின் வருவாயையோ துறைமுகத்தையோ படைத்தளத்தையோ நீண்ட காலத்துக்குக் கட்டிப்போடும் எந்த ஒப்பந்தமும் கையெழுத்தாகும் முன் அவையில் வைக்கப்பட்டு விவாதிக்கப்பட வேண்டும். அதற்கொரு சட்டம் கேட்பது எந்தக் கட்சியின் தனிக் கோரிக்கையாகவும் இருக்கவேண்டியதில்லை. கையெழுத்து ஒருவருடையது, கடனைக் கட்டப்போகிறவர்கள் நாம் எல்லோரும்.